செல்லுக்குள் ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டர்

அடுத்த முறை மளிகைக் கடைக்குப் போகும்போது எண்ணெய் பாக்கெட்டுகளைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பாமாயில், ஏன் தேங்காய் எண்ணெயில்கூட, பல பாக்கெட்டுகளில் "கொலஸ்ட்ரால் ஃப்ரீ" என்று எங்காவது ஒரு மூலையில் போட்டிருக்கும். தாவர எண்ணெய் எதிலும் சொல்லிக்கொள்ளும்படி கொலஸ்ட்ரால் கிடையாது. என்றைக்கும் இருந்ததும் கிடையாது. அது விலங்குகளின் உடம்பில் உண்டாகிற சரக்கு. "எலும்பில்லாத வாழைப்பழம்" என்று போர்டு வைத்து விற்றால் சிரிப்போம் இல்லையா? இதற்கு மட்டும் சிரிக்காமல் பத்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்கி வருகிறோம்.

அந்த வரியை எழுதியவர் பொய் சொல்லவில்லை. ஆனால் படிக்கிறவர் மனதில் என்ன பதிகிறது? கொலஸ்ட்ரால் என்பது வாய் வழியாக உள்ளே வருகிற ஒரு விஷம், வாயைக் கட்டினால் ரத்தம் சுத்தமாகிவிடும் என்று. இந்த நினைப்புதான் என் பிரச்சினை. இதனால் சில பேர் தேவையில்லாமல் முட்டையை விடுகிறார்கள். அது போகட்டும். வேறு சில பேர் விடக்கூடாத மாத்திரையை விடுகிறார்கள். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் படிப்பது பி.காம். உயிரியலோடு எனக்கிருந்த உறவு பன்னிரண்டாம் வகுப்புக்கு முன்னாலேயே முறிந்துவிட்டது. ஆனால் செல்கள் கொலஸ்ட்ராலை நிர்வகிக்கிற விதத்தைப் படித்துப் பார்த்தால், எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தில் ஸ்டாக் கட்டுப்பாடு என்று ஒரு அத்தியாயம் வருமே, அதை அப்படியே காப்பி அடித்த மாதிரி இருக்கிறது. ரீ-ஆர்டர் லெவல், மேக்ஸிமம் லெவல், கோடவுன், சொந்தத் தயாரிப்பா வெளிக் கொள்முதலா என்கிற கேள்வி, எல்லாமே உண்டு. அந்த தைரியத்தில்தான் எழுதுகிறேன். மெடிக்கல் காலேஜ் நண்பர்கள் கம்பை எடுக்க வேண்டாம்.

முதலில் சரக்கைப் பற்றி. கொலஸ்ட்ரால் இல்லாமல் நம் உடம்பில் ஒரு செல்கூட நிற்காது. செல்லைச் சுற்றியிருக்கிற சவ்வு அளவோடு இறுகியும் அளவோடு நெகிழ்ந்தும் இருப்பதற்கு அது வேண்டும். பித்த நீரில் உள்ள அமிலங்கள், ஆண் பெண் ஹார்மோன்கள், கார்டிசால் எல்லாம் அதிலிருந்து செய்யப்படுகிறவை. வெயில் பட்டால் தோலில் வைட்டமின் டி உண்டாகிறதே, அதற்கு மூலப்பொருளும் கொலஸ்ட்ராலுக்கு ஒரு படி முன்னால் இருக்கிற பொருள்தான். அதனால் செல்கள் இதை வெளியார் தயவில் விட்டுவிடவில்லை. சாதாரணமான அசிடேட்டில் ஆரம்பித்து சுமார் 30 படிகளில் தாங்களே தயாரித்துக்கொள்கின்றன. நம் உடம்பில் உள்ள கொலஸ்ட்ராலில் பெரும் பங்கு இப்படி வீட்டிலேயே செய்ததுதான், சாப்பாட்டில் வந்ததல்ல.

ஆனால் ஒரு சிக்கல். செய்யத் தெரிந்த செல்லுக்கு அதை உடைத்து அழிக்கத் தெரியாது. அந்த நான்கு வளைய அமைப்பைச் சிதைக்கிற என்சைம் நம்மிடம் கிடையாது. சர்க்கரை மிஞ்சினால் எரிக்கலாம், கொழுப்பு மிஞ்சினாலும் எரிக்கலாம். கொலஸ்ட்ராலை எரிக்க முடியாது. எங்கள் பாஷையில் சொன்னால் ரைட்-ஆஃப் செய்ய முடியாத ஸ்டாக். கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து வெளியே தள்ளுவதுதான் முக்கியமான வழி. அளவுக்கு மேல் தேங்கினால் செல்லுக்கே ஆபத்து. கையிருப்பு குறையவும் கூடாது, கூடவும் கூடாது என்றால் கணக்கு எவ்வளவு கறாராக இருக்க வேண்டும்?

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர்கள் மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரண்டு டாக்டர்கள். அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மையத்தில் 1970-களின் தொடக்கத்தில் வேலை செய்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது ஒரு பரம்பரை நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் பழுதான ஜீன் வந்த குழந்தைகளுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பிறந்ததிலிருந்தே பல மடங்கு இருக்கும். பள்ளிக்கூடம் போகிற வயதில் மாரடைப்பு வரும். ஆறு வயசுப் பையன் எத்தனை முட்டை சாப்பிட்டிருப்பான், நீங்களே சொல்லுங்கள்.

அவர்கள் செய்த சோதனையை நான் மிகவும் ரசித்தேன். ஆரோக்கியமான ஒருவரின் தோல் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தார்கள். சுற்றியிருக்கிற திரவத்தில் எல்.டி.எல். இருந்தால் செல் தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. எல்.டி.எல்.-ஐ எடுத்துவிட்டால் உற்பத்தி கிடுகிடுவென்று ஏறுகிறது. (உற்பத்தியின் கழுத்தைப் பிடித்திருப்பது எச்.எம்.ஜி. கோ-ஏ ரிடக்டேஸ் என்கிற என்சைம். பெயர்தான் நீளம், வேலை ஒரு குழாயைத் திறந்து மூடுவது.) பிறகு அந்த நோயுள்ளவரின் செல்களை எடுத்து அதே சோதனை. எவ்வளவு எல்.டி.எல். ஊற்றினாலும் உற்பத்தி குறையவே இல்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் "இந்த செல்லின் என்சைம் கெட்டுப்போயிருக்கிறது" என்று முடிவு கட்டியிருப்பார்கள். அவர்கள் நிறுத்தவில்லை. வெறும் கொலஸ்ட்ராலை ஆல்கஹாலில் கரைத்து ஊற்றிப் பார்த்தார்கள். அப்படி வந்தால் அது வாசலில் அனுமதி கேட்காமல் சவ்வு வழியாகவே உள்ளே போய்விடும். நோயாளியின் செல்லிலும் உற்பத்தி உடனே அடங்கியது! ஆக, உள்ளே கணக்கு எழுதுகிறவர் சரியாகத்தான் இருக்கிறார். வாசலில் சரக்கை வாங்கி உள்ளே அனுப்புகிற ஆள்தான் இல்லை. அந்த வாசல் ஆளுக்கு எல்.டி.எல். ஏற்பி என்று பெயர். லாரி லாரியாகச் சரக்கு வாசலில் நிற்க, உள்ளே இருப்பவர் "ஸ்டாக் இல்லை, இன்னும் தயார் செய்" என்று கத்திக்கொண்டிருக்கிறார். 1985-ல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

பரிசு வாங்கியதோடு இரண்டு பேரும் ஓய்ந்துவிடவில்லை. உள்ளே அந்தக் கணக்கை எழுதுவது யார் என்று தேடி 1990-களில் அதையும் பிடித்தார்கள். செல்லுக்குள் எண்டோபிளாச வலை என்று ஒரு பகுதி உண்டு. செல்லின் மொத்தக் கொலஸ்ட்ராலில் மிகச் சிறிய பங்குதான் அங்கே இருக்கிறது. ஆனால் அளவு பார்ப்பது அந்தச் சின்ன அறையில்தான். அங்கே ஸ்கேப் என்கிற ஒரு புரதம், எஸ்.ஆர்.இ.பி.பி. என்கிற இன்னொரு புரதத்தைக் கையோடு பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் சவ்வின் கொழுப்புப் பொருள்களில் கொலஸ்ட்ராலின் பங்கு ஏறக்குறைய 5 சதவீதத்துக்குக் கீழே போனால், ஸ்கேப் தன் ஜோடியைக் கூட்டிக்கொண்டு கோல்கை உறுப்புக்குக் கிளம்புகிறது. அங்கே இரண்டு கத்தரிகள் எஸ்.ஆர்.இ.பி.பி.-யை வெட்டுகின்றன. வெட்டுப்பட்ட துண்டு நேராக உட்கருவுக்குப் போய், கொலஸ்ட்ரால் தயாரிக்கிற ஜீன்களையும் எல்.டி.எல். ஏற்பியின் ஜீனையும் ஒன்றாக எழுப்பிவிடுகிறது. ஃபாக்டரியும் ஓடும், கொள்முதலும் நடக்கும். அளவு 5 சதவீதத்தைத் தாண்டினால் இன்சிக் என்கிற மூன்றாவது புரதம் ஸ்கேப்பைப் போகவிடாமல் பிடித்துக்கொள்கிறது. ஆர்டர் நின்றுவிடும், ஷட்டர் இறங்கிவிடும். மிஞ்சினதை எஸ்டராக மாற்றிச் சின்னத் துளிகளாகக் கோடவுனில் போடவும் தனி என்சைம் இருக்கிறது.

சரி, இப்போது நான் சொல்ல வந்த விஷயம். மேலே சொன்னதை இன்னொரு முறை படியுங்கள். செல் எதை அளக்கிறது? தன் உள்ளே இருக்கிற ஒரு சின்னச் சவ்வை. லேபில் நாம் எதை அளக்கிறோம்? ரத்தத்தை. இரண்டும் வேறு வேறு கணக்குப் புத்தகம். இந்த மாதிரி 5 சதவீதக் கோடு போட்டு ரத்தத்தின் எல்.டி.எல். அளவைக் காவல் காக்கிற செல் நம் உடம்பில் எங்குமே கிடையாது. ஒவ்வொரு செல்லும் தன் கடையின் ஸ்டாக்கைத்தான் பார்க்கிறது. கோடவுன் நிரம்பினால் ஷட்டர். தெருவில் எத்தனை லாரி நிற்கிறது, டிராஃபிக் ஜாம் ஆகிறதா என்பது எந்தக் கடைக்காரருக்கும் கவலை இல்லை. ஒவ்வொருவரும் தன் வரையில் ரொம்பச் சரியாக நடந்துகொள்ள, தெரு நாறிப்போகிறது. பொருளாதாரம் படித்தவர்களுக்கு இது பழகிய கதை.

தெருவில் நிற்கிற எல்.டி.எல். சும்மா நிற்பதும் இல்லை. சாதாரணமாக இரண்டரை நாளில் பெரும்பாலும் கல்லீரல் அதை எடுத்துவிடும். ஏற்பி குறைந்தால் அது அதிக நாள் சுற்றும். சுற்றச் சுற்ற ரத்தக் குழாயின் சுவருக்குள் நுழைந்து அங்கே மாறிப்போகும். மாறினதை விழுங்க மேக்ரோஃபேஜ் செல்கள் வரும். இங்கேதான் விதியின் கொடுமை: மாறிப்போன எல்.டி.எல்.-ஐ விழுங்குகிற வாசலுக்கு ரீ-ஆர்டர் லெவலும் இல்லை, மேக்ஸிமம் லெவலும் இல்லை. உள்ளே நிரம்பினாலும் ஷட்டர் இறங்காது. தின்று தின்று நுரை நுரையாக வீங்கி அங்கேயே தங்கிவிடும். மாரடைப்புக்குக் காரணமான படிவு அப்படித்தான் ஆரம்பிக்கிறது. (இதையும் கண்டுபிடித்தது அதே இரட்டையர்தான், 1979-ல். சில பேருக்கு எப்படித்தான் நேரம் கிடைக்கிறதோ.)

இப்போது வாட்ஸப் வைத்தியர்களிடம் வருவோம். "கொலஸ்ட்ராலை உடம்பே தயாரிக்கிறது, அது உடம்புக்கு அவசியம், ஆகவே ரத்தத்தில் எவ்வளவு இருந்தாலும் கெடுதல் இல்லை, எல்லாம் மருந்துக் கம்பெனிகளின் சதி" என்று ஒரு வாதம் சுற்றிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு வரி உண்மை. மூன்றாவது வரிக்கு அங்கிருந்து எந்தப் பாலமும் இல்லை. செல்லுக்கு அவசியம் என்பதால் தெருவில் கொட்டலாமா? அந்தக் குழந்தைகளுக்குச் சர்க்கரை வியாதி கிடையாது, சிகரெட் கிடையாது, டென்ஷன் கிடையாது. எல்.டி.எல். ஒன்றுதான் அதிகம். 1984-ல் பிட்ஸ்பர்க் நகரத்தில் அப்படி ஒரு ஆறு வயதுச் சிறுமிக்கு இதயத்தோடு கல்லீரலையும் மாற்றினார்கள். புதுக் கல்லீரலில் ஏற்பிகள் இருந்தன. ஆயிரத்தை ஒட்டியிருந்த எல்.டி.எல். 200-க்குக் கீழே வந்துவிட்டது. சாப்பாட்டை மாற்றி அல்ல, வாசல் ஆளை மாற்றி.

கம்பெனிகள் சம்பாதித்தார்களா என்றால், நன்றாகவே சம்பாதித்தார்கள். லிபிட்டார் என்கிற ஒரே மாத்திரை, 2011-ல் அமெரிக்காவில் அதன் பேடண்ட் முடிவதற்குள் 100 பில்லியன் டாலருக்கு மேல் விற்றது. ஒரு காமர்ஸ் மாணவனாக நான் சொல்வது: லாபம் வந்தது என்பதற்கு லாபம் சாட்சி, அவ்வளவுதான். மருந்து வேலை செய்யவில்லை என்பதற்கு அது சாட்சி ஆகாது. அந்த மருந்து வகையை முதலில் கண்டுபிடித்தவர் அகிரா எண்டோ என்கிற ஜப்பானியர். சாங்க்யோ கம்பெனியில் வேலை பார்த்தவர். சுமார் 6,000 பூஞ்சைகளைச் சலித்து, 1973-ல் அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சையிலிருந்து காம்பாக்டினைப் பிரித்தெடுத்தார். எலிகளுக்குக் கொடுத்தால் கொலஸ்ட்ரால் இறங்கவில்லை. குழாயை மருந்து அடைக்க அடைக்க எலியின் கல்லீரல் அந்த என்சைமையே பல மடங்கு கூட்டிவிட்டது! பிறகு முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்தபோதுதான் இறங்கியது. முதலில் கடைக்கு வந்த ஸ்டேட்டின் 1987-ல் மெர்க் கம்பெனி கொண்டுவந்த லோவாஸ்டேட்டின். எண்டோ 2024-ல், 90 வயதில் காலமானார். கோடிகள் அவர் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஸ்டேட்டின் மாத்திரை என்ன செய்கிறது என்பதைத்தான் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். அது ரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலைக் கரைப்பதில்லை. "கொழுப்பைக் கரைக்கிற மாத்திரை" என்பது சும்மா பேச்சு வழக்கு. கல்லீரல் செல்லின் சொந்த உற்பத்தியை அது மடக்குகிறது. உள்ளே ஸ்டாக் 5 சதவீதத்துக்குக் கீழே போகிறது. ஸ்கேப் கிளம்புகிறது, கத்தரிகள் வெட்டுகின்றன, வாசலில் ஏற்பிகள் கூடுகின்றன. தெருவில் நின்ற லாரிகளைக் கல்லீரல் உள்ளே இழுத்துக்கொள்கிறது. செல்லுக்குப் பற்றாக்குறை வந்துவிட்டது என்று நம்பவைக்கிற வேலை. சாப்பிடுகிற வரைக்கும்தான் இந்த நம்பிக்கை நிற்கும்.

என் மாமா ஒருத்தர் (அம்மாவின் தம்பி, 48 வயது) போன வருஷம் நெஞ்சு வலி என்று போய், ஆஞ்சியோ எடுத்து, மாத்திரை எழுதி வாங்கி வந்தார். மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டார். டெஸ்ட் எடுத்தால் எல்.டி.எல். பாதியாகக் குறைந்திருந்தது. ரிப்போர்ட்டை வீடு முழுக்கக் காட்டிவிட்டு, "பாத்தியா மாப்ள, நார்மல் ஆயிருச்சு, இனிமே எதுக்கு மாத்திரை, கிட்னிதான் கெடும்" என்று நிறுத்திவிட்டார். மாமாவை மட்டும் குறை சொல்ல மாட்டேன். காய்ச்சல் மாத்திரைக்கு அந்த லாஜிக் சரி. காய்ச்சல் போனால் நிறுத்தலாம். இங்கே நார்மல் என்று வந்தது மாத்திரையோடு சேர்த்து எடுத்த கணக்கு. நிறுத்தினால் உற்பத்தி திரும்ப ஓடும், ஸ்டாக் ஏறும், ஏற்பி குறையும், சில வாரங்களில் தெரு பழைய தெருவாகிவிடும். ஒரு வலியும் இல்லாமல், ஒரு அறிகுறியும் இல்லாமல். ஓவர்டிராஃப்டில் ஓடுகிற கடையின் பாஸ்புக்கில் பணம் இருக்கிறது என்று ஓவர்டிராஃப்டை ரத்து செய்கிற மாதிரி. பக்க விளைவு பயம் இருந்தால் டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றலாம். தானாக நிறுத்துவது வேறு. மாமாவை மறுபடி டாக்டரிடம் கூட்டிப்போக அத்தைக்கு இரண்டு மாதம் பிடித்தது. அந்த இரண்டு மாதத்தில் நான் பேசிய பேச்சுதான் இந்தக் கட்டுரை.

இந்த முறையில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. எஸ்.ஆர்.இ.பி.பி. எழுப்புகிற ஜீன்களில் ஒன்று பி.சி.எஸ்.கே.9. இது உண்டாக்குகிற புரதம் எல்.டி.எல். ஏற்பியைப் பிடித்து அழிவுக்கு அனுப்புகிறது. சாதாரணமாக ஒரு ஏற்பி பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சரக்கை உள்ளே இறக்கிவிட்டுத் திரும்ப வாசலுக்கு வந்துவிடும், சுமார் இருபது மணி நேர ஆயுளில் நூற்றுக்கணக்கான டிரிப். பி.சி.எஸ்.கே.9 ஒட்டிக்கொண்டால் அது திரும்பாது. ஆக மாத்திரை சாப்பிட்டால் ஆளும் கூடுகிறது, ஆளைத் தூக்குகிறவனும் கூடுகிறான். ஸ்டேட்டினின் அளவை இரட்டிப்பாக்கினாலும் எல்.டி.எல். சுமார் 6 சதவீதம்தான் கூடுதலாகக் குறைவதற்கு இது ஒரு காரணம். குறைந்து செல் விளைவு விதி கல்லீரலிலும் செல்லுபடியாகிறது!

இந்த பி.சி.எஸ்.கே.9 பிறவியிலேயே பழுதான ஆட்கள் இருக்கிறார்கள். இந்தப் பழுது அதிர்ஷ்டம். டல்லஸில் ஹெலன் ஹாப்ஸ், ஜோனதன் கோஹன் இருவரும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், அப்படிப் பழுதுள்ள கறுப்பினத்தவர்களுக்கு எல்.டி.எல். சராசரியாக 28 சதவீதம் குறைவு. இதய நோய் ஆபத்து 88 சதவீதம் குறைவு. எல்.டி.எல். குறைந்தது கொஞ்சம்தான், ஆனால் பிறந்த நாளிலிருந்து குறைவு. வட்டிக் கணக்கு போட்டவர்களுக்கு அசலைவிடக் காலம் எவ்வளவு பெரியது என்று தெரியும். 2015-லிருந்து பி.சி.எஸ்.கே.9-ஐத் தடுக்கும் ஊசிகள் சந்தைக்கு வந்துவிட்டன. விலைதான் நம் ஊர்ச் சம்பளத்துக்கு ஒத்துவராதது.

முட்டைக்கு வருகிறேன், இல்லாவிட்டால் யாரும் விடமாட்டீர்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 200 மில்லிகிராம் கொலஸ்ட்ரால். அமெரிக்க உணவு வழிகாட்டியில் ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு 2015–2020 பதிப்பில் எடுக்கப்பட்டது. நிறையப் பேருக்குச் சாப்பாட்டில் வருவது கூடினால் செல் சொந்த உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும் என்பதை மேலே பார்த்தோம். ஆனால் அதே பதிப்பில் நிறைவுற்ற கொழுப்பு மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது அப்படியே இருந்தது. முட்டைச் செய்தியைப் பரப்பியவர்கள் இந்த வரியைப் பரப்பவில்லை. நிறைவுற்ற கொழுப்பு கல்லீரலின் ஏற்பிகளைக் குறைக்கிறது. அதில் கொலஸ்ட்ரால் ஒரு துளிகூட இருக்கத் தேவையில்லை. தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, பாமாயிலில் ஏறக்குறைய பாதி. பாக்கெட்டில் "கொலஸ்ட்ரால் ஃப்ரீ" என்பதும் உண்மை, உங்கள் ரத்தத்தில் எல்.டி.எல். ஏறுவதும் உண்மை. அந்த இரண்டு வார்த்தையை எடுத்துவிட்டு நிறைவுற்ற கொழுப்பு எத்தனை சதவீதம் என்று அதே அளவு எழுத்தில் முன்பக்கம் போடச் சொல்லிச் சட்டம் வர வேண்டும் என்பது என் கட்சி.

கடைசியாக அந்தப் பரம்பரை நோய். பெற்றோர் இருவரிடமிருந்தும் வருவது மிக அபூர்வம். ஒருவரிடமிருந்து மட்டும் வருவது அபூர்வமே இல்லை. உலக அளவில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. எங்கள் கல்லூரியில் மட்டும் பத்துப் பேராவது தேறுவோம். அவர்களுக்கு ஏற்பிகள் பாதிதான் வேலை செய்யும். ஒல்லியாக இருப்பார்கள், ஓடுவார்கள், சைவமாகக்கூட இருப்பார்கள், நாற்பதில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார்கள். "வாயைக் கட்டியிருந்தா இப்படி ஆகியிருக்குமா" என்று துக்க வீட்டிலேயே பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். போனவரைத் திட்டிவிட்டு, அவர் பிள்ளைகளுக்கு ஒரு டெஸ்ட் எடுக்கச் சொல்லாமல் எழுந்து போவார்கள். அந்த ஜீன் ஒவ்வொரு பிள்ளைக்கும் போயிருக்க 50 சதவீத வாய்ப்பு. டெஸ்ட்டுக்குச் சில நூறு ரூபாய்தான் செலவு.

உங்கள் வீட்டில் அப்பாவோ, சித்தப்பாவோ, மாமாவோ ஆண் என்றால் 55 வயதுக்குள், பெண் என்றால் 60 வயதுக்குள் மாரடைப்பு கண்டிருந்தால், இருபது வயதிலேயே ஒரு முறை லிப்பிட் டெஸ்ட் எடுத்துவிடுங்கள். எல்.டி.எல். 190-க்கு மேல் வந்தால் எண்ணெய் பிராண்டை மாற்றிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பாருங்கள். மாமாவின் பெண் இப்போது பதினொன்றாம் வகுப்பு. ஊசி என்றால் அவளுக்குப் பயம். அரையாண்டுப் பரீட்சை முடிந்ததும் கூட்டிப்போவதாகப் பேச்சு. கூடப் போவது நான்தான்.